டிவிக்கு ஒரு போர்வை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு முதலில் வேண்டியதே அதுதான். துணியைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஓரம் பிசகாமல் ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் பஞ்சும் அதற்கடியில் இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்க வேண்டும். குயில்ட் என்று பெயர். பெங்களூரில் மகன் வீட்டில் நான்கு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தபோது கீழ்வீட்டு அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அந்த அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவரிடமிருந்து தையலை மட்டும் எடுத்துக்கொண்டு அரியலூருக்குத் திரும்பினேன்.

வந்ததும் வாசல் கேட்டில் ஒரு பலகை மாட்டினேன். ‘ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுத்தரப்படும், சனிக்கிழமை காலை.’ முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் முழங்காலில் கிழிந்த பேன்ட்டோடு வந்தார். இன்னொருவர் பொத்தல் விழுந்த குடையோடு வந்தார். மூன்றாவது, எதிர்வீட்டு அம்மா. அவர் வெறுங்கையோடு வந்து, “ஏன் தாயி, வூட்டுக்காரருக்குப் பென்ஷன் வருதுல்ல? ஒட்டுப்போட்டுப் பொழைக்கிற அளவுக்கு என்ன வந்துச்சு?” என்று விசாரித்துவிட்டுப் போனார். நம் ஊரில் ஒட்டுத்துணி என்றால் இல்லாதவர் உடுத்துவது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். என் வகுப்பில் பழந்துணிக்கு இடமே இல்லை. கடையில் மீட்டர் கணக்கில் எடுத்த புதுப் பருத்தித் துணி மட்டும்தான். கந்தல் என்று எவரும் வாய் திறக்கக் கூடாது.

பலகையை மாற்றி எழுதிய பிறகு நிஜமாகவே மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர். ஜாமெட்ரி பாக்ஸோடு வந்தார். இன்னொருத்தி பஸ் ஸ்டாண்டு பக்கம் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். புருவம் திருத்துகிற விரல்கள், நூல் அவளுக்குப் பழக்கம். மூன்றாவது செந்துறை அக்கா. அங்கே ஒரு ஏக்கர் முந்திரிக் காடு வைத்திருக்கிறார். பருப்பு உடையாமல் ஓட்டை மட்டும் பிளக்கிற கை அது. கத்தரிக்கோலும் அவர் சொன்னபடி கேட்டது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, நான் வாசல் தெளிக்கும்போதே வந்து நின்றுவிடுவார். என் கணவரை அன்றைக்கு மட்டும் ஹாலிலிருந்து கிளப்பி, பேப்பரும் காபியுமாக மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுவேன்.

முதல் நாள், யார் யாருக்கு என்ன தைக்க வேண்டும் என்று கேட்டேன். பார்லர்காரிக்குச் சோபாவில் வைக்கத் தலையணை உறை. டீச்சருக்கு எட்டு முனை நட்சத்திரம் போட்ட இரட்டைக் கட்டில் போர்வை. உட்காரும் முன்னே ஓட ஆசை. செந்துறை அக்கா கையால் காற்றில் அளந்து காட்டினார்.

“சின்னதா ஒண்ணுங்க. ரெண்டே கால் அடிக்கு ரெண்டே முக்கால் அடி.”

“எதுக்குக்கா?”

“டிவி மேல போடுறதுக்கு.”

“இந்தக் காலத்துல டிவிய யாருக்கா போர்த்தி வைக்கிறா? அதுக்கென்ன குளிருதா?”

அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரம் அவருடைய போன் மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் எழுந்து சமையலறைக்குள் போய் ஃபிரிட்ஜ் பக்கம் நின்று கிசுகிசுத்தார். “மாத்திரை போட்டியா? படிக்கட்டு ஏறாத. குடத்தத் தூக்காத, அவர தூக்கச் சொல்லு.” எங்கள் வீட்டுச் சமையலறைக்குக் கதவு இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும், கணக்கு டீச்சர் ஸ்கேலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“டிவி எத்தனைங்க?”

“ஏழு,” என்றார் அக்கா, எங்கேயோ நினைப்பாக.

“ஏழு இஞ்சுல டிவியா!” என்று பார்லர்காரி கத்தின பிறகுதான் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் காபி கலக்கப் போனபோது பின்னாலேயே வந்து ஒரே மூச்சில் எல்லாம் சொன்னார். ஒரே மகள். பெரம்பலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்கவில்லை. இது மூன்றாவது, இப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று ஒரு துணுக்குத் துணிகூட வாங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எங்கள் வழக்கமும் அதுதான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். முதல் தடவை மகள் ஆசைப்பட்டு ஒரு குட்டிக் குல்லா வாங்கிவிட்டாளாம். அதனால்தான் தங்கவில்லையோ என்று அக்கா இன்றைக்கும் நினைக்கிறார்.

“இந்தத் தடவ வாயே தொறக்கறதில்லைன்னு இருக்கேங்க. ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது. ஏதாச்சும் செய்யச் சொல்லுது. அதான் டிவின்னு சொல்லிட்டு வந்தேன்.”

அடுப்பை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஹாலுக்கு வந்து அடுத்த சட்டத்தைப் போட்டேன். இந்த வீட்டில் ‘அந்த’ வார்த்தையை யாரும் எடுக்கக் கூடாது. டிவி என்றால் டிவிதான்.

அதற்குப் பிறகு எங்கள் சனிக்கிழமைகள் இருக்கிறதே, அப்பப்பா! “டிவி ராத்திரி நல்லாத் தூங்குதாங்க்கா?” “எங்கடி தூங்குது, விடிய விடிய ஒரே உதையாம்.” “அப்ப ஸ்போர்ட்ஸ் சேனல்தான்!” கணக்கு டீச்சர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, “டிவிக்கு இரும்புச்சத்து முக்கியம். பேரீச்சம்பழம் கொடுங்க, முருங்கைக்கீரை கொடுங்க” என்பார். மாடியிலிருந்து இறங்கி வந்த என் கணவர் இதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பாவம், இரண்டு நாள் யோசித்துவிட்டு, “மார்க்கெட் பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கான், நல்ல பையன். அந்தம்மா டிவிய அவன்கிட்ட ஒரு தடவ காட்டச் சொல்லேன்” என்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

ஆனி முடிந்து ஆடி பிறந்தது. நாலாவது வாரத்துக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். ஆறங்குலச் சதுரங்கள் முப்பது வெட்டிக்கொண்டு வர வேண்டும். அக்கா எடுத்திருந்தது வெள்ளையில் இளம்பச்சைக் கொடி ஓடுகிற துணியும், வெள்ளையில் ரோஸ் புள்ளி போட்ட துணியும். மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்துவைத்த கட்டைப் பிரித்தேன். வெட்டு ஒரு நூல் பிசகில்லை. ஆனால் ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஈர மஞ்சள். முப்பதிலும்!

“என்னக்கா இது!”

“மஞ்சளுங்க,” என்றார், எனக்குத்தான் கண் தெரியவில்லை என்பதுபோல. “புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காம எப்புடி?”

“அது கட்டிக்கிற சேலைக்கு ஒரு மூலையில ஒரு பொட்டு வைக்கிறது! இதுக்கு எதுக்கு முப்பது?”

“வெட்டிட்டா தனித்தனித் துணிதானுங்களே? ஒண்ணுக்கு வச்சிட்டு ஒண்ணுக்கு வக்காம விட்டா நல்லாவா இருக்கும்?”

“கணக்கு சரியாத்தான் இருக்கு,” என்றார் டீச்சர்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. வெள்ளைத் துணி, விலை கொடுத்து எடுத்த துணி, இந்த மஞ்சள் தையலுக்குள் மறையாது, பக்கத்துத் துணிக்கும் பரவும். கட்டை வாரிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். வாளியில் முக்கி, துணி சோப்பை எடுத்துத் தேய்த்தேன். மூவரும் பின்னாலேயே வந்து நின்றார்கள். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் போகவில்லை. சிவந்தது. முப்பது சதுரத்திலும் சிவப்புச் சிவப்பாகத் திட்டு.

“பாத்தீங்களா! எல்லாம் செவந்து போச்சு. மொத்தமும் பாழாப்போச்சு!” என்று கத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. வாளியில் மிதந்த அந்தச் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க,” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஏறும் பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

இரண்டு தடவை இழந்தவர்கள் வீட்டுத் துணியில் சிவப்புக் கறையைக் காட்டி, பாழாய்ப்போச்சு என்று கத்தியிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானாக இருந்திருந்தால் பரவாயில்லை. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். “உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரேன், இருங்க,” என்றார் கணக்கு டீச்சர். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “எழுந்திருங்க. எலுமிச்சம்பழம் இருக்கா? எங்க ஸ்கூல்ல சின்னப் பசங்க செய்யுற சோதனை இது. மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும். புளிப்பு பட்டா பழையபடி மஞ்சளாயிரும். மிச்சத்த வெயில் பாத்துக்கும்,” என்றார்.

நான்கு பழம் பிழிந்தேன். என் கண்ணெதிரே சிவப்பு கலைந்து மஞ்சளானது. தலையோடு கால் குளிர்ந்ததுபோல் இருந்தது. நன்றாக அலசி, மொட்டை மாடியில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுக் காயவைத்தேன். கணவரிடம் அப்போதுதான் டிவி என்றால் என்ன என்று சொன்னேன். மனுஷன் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு நாற்காலியை வெயிலிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தார்.

மூன்று நாள் வெயிலில் மஞ்சள் அநேகமாய்ப் போய்விட்டது. மூன்றாம் நாள் மத்தியானம்தான் காற்று வந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், ஆறங்குலத் துணிக்கு என்ன? கிளிப்போடு பிய்த்துக்கொண்டு பறந்தன. எதிர்வீட்டு முருங்கை மரத்தில் நாலு, சாக்கடை ஓரம் மூன்று, மீதி தெருவெல்லாம். நானும் அவரும் தெருவில் குனிந்து குனிந்து பொறுக்கினோம். ஒன்று மட்டும் அந்த நேரம் பார்த்து வந்த சுண்ணாம்புக்கல் லாரியின் தார்ப்பாயில் போய் ஒட்டிக்கொண்டது. என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, “நிறுத்துப்பா! நிறுத்துப்பா!” என்று முக்குவரை ஓடினார். அறுபத்தொரு வயது அவருக்கு. மூச்சு வாங்கத் திரும்பி வந்து, “லாரி நம்பர நோட் பண்ணிட்டேன்,” என்றார். எதிர்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது. அதே துணியைத் தேடிக் கடை கடையாய் ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அக்கா வரவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. இனிமேல் தாங்காது என்று பீரோவைத் திறந்தேன். இருபது வருடம் உடுத்தி உடுத்திப் பூப்போல ஆகிவிட்ட இளநீல நூல்சேலை ஒன்று உண்டு. காய்ச்சல் வந்தால் நான் அதைத்தான் கட்டிக்கொள்வேன். அதில் ஆறங்குலம் வெட்டினேன். பழந்துணிக்கு இடமில்லை என்று சட்டம் போட்ட அதே கைதான்.

மறுநாள் செந்துறை பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா வீட்டு முன்னறையில் டிவி சுவரில் மாட்டியிருந்தது; நல்ல பெரிய டிவி. என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க” என்றார். பாயை விரித்துப் போட்டார். நான் பாயில் முப்பதையும் பரப்பினேன்.

“என் வாய் அப்படித்தாங்க்கா. மன்னிச்சிடுங்க.”

அவர் ஒவ்வொன்றாக எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

“செவப்பு போயிருச்சுங்களா?”

“போயே போச்சு. சோப்பு பட்டா மஞ்சள் செவக்குமாம், அவ்வளவுதான் விஷயம். எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன், ஓடிப்போச்சு.”

“எலுமிச்சம்பழமா?” அக்காவின் முகம் மலர்ந்தது. “எத்தன பழம்?”

“நாலு.”

“அப்ப திருஷ்டி கழிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க! நாலு பழம் சுத்திப் போட்ட மாதிரி!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் பள்ளிக்கூடச் சோதனை என்று சொன்னதை நான் அத்தோடு விழுங்கிவிட்டேன். இந்த விளக்கம்தான் எனக்கும் பிடித்திருந்தது.

நீலத் துண்டை எடுத்து, “இது என்னங்க?” என்றார். லாரிக் கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அந்தத் துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, “எம்புட்டு மெத்துன்னு இருக்கு. பழசு ஒண்ணு கலந்தது நல்லதுதாங்க. மொதல் துணி பழந்துணிதானே? புதுசுன்னா எங்க சம்பந்தியம்மா தொடவே உட மாட்டாங்க...” என்று வந்தவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, “டிவிக்குச் சொன்னேன்,” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்த பிள்ளையை முதலில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியில்தான் போடுவோம். புதுத்துணி படக் கூடாது. என் மகனையே என் அம்மாவின் பழஞ்சேலையில்தான் சுற்றினார்கள். அப்படியிருக்க, இவ்வளவு பாடுபட்டு, மீதி இருபத்தொன்பதும் புதுசு! கேட்டதற்கு அக்கா, “அதெல்லாம் பாத்துக்கலாங்க,” என்று சொல்லி, எனக்கு முந்திரிப்பருப்பு வறுத்துக் கொடுத்தார்.

ஆடிக் கடைசிச் சனிக்கிழமை நால்வரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஓட்டுத்தையல் போட்டு முடித்தோம். கடைசி முடிச்சை அக்கா போட்டார். நான் உள்ளே போய் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து, ஒரு மூலையில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். “ஒண்ணு போதும்!” என்று விரலை நீட்டி மிரட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். போர்வை மஞ்சள் பைக்குள் போய், செந்துறை பஸ் ஏறிப் போனது. அதன்பிறகு அக்கா வகுப்புக்கு வரவில்லை. மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்துவிட்டாள், விட்டுவிட்டு வர முடியாது. நாங்களும் போன் பண்ணி எதையும் கேட்கவில்லை. பார்லர்காரி மட்டும் கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, “டிவிக்கு வேண்டிக்கிட்டேன்,” என்று எங்களுக்குத் துளசி கொடுத்தாள். ஆவணி மாதம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. போன் அடித்தது, அக்கா.

“ஏங்க... டிவி...” என்றார். அதற்குமேல் குரல் வரவில்லை. என் கையில் இருந்த கத்தரிக்கோல் நழுவியது. அப்போது போனுக்குள் பின்னாலிருந்து வீல் என்று ஒரு அழுகை கேட்டது பாருங்கள், அப்படி ஒரு அழுகை. “டிவி வந்துருச்சுங்க,” என்றார் அக்கா.

இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்றுகூட நினைவில்லை. நான், கணவர், டீச்சர், பார்லர்காரி நால்வரும் அடுத்த பஸ்ஸில், மகள் மாதா மாதம் காட்டிவந்த பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கட்டிலில் மகள் களைத்துப்போய்ச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தாள். சம்பந்தியம்மா, வாட்டசாட்டமான மனுஷி, ஒரு பழைய வேட்டித் துண்டில் பிள்ளையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. அக்கா எங்களைப் பார்த்தார். மஞ்சள் பையிலிருந்து போர்வையை எடுத்து நீட்டினார்.

சம்பந்தியம்மா கையை இழுத்துக்கொண்டார். “இதென்ன, தைச்ச துணியா? புதுத்துணியில புள்ளயப் போடுவாங்களா? ஒங்களுக்குத் தெரியாததா?”

அக்கா அசரவில்லை.

“புதுசு இல்லீங்க சம்பந்தி. ஒரு மாசத்துக்கு மேல எங்கூட்டு டிவி மேல கெடந்தது. வேணும்னா எங்க வூட்டுக்காரரக் கேளுங்க.”

சுவரோரம் நின்றிருந்த அக்காவின் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “ஆமாங்க. நியூஸ் பாக்கணும்னா இதத் தூக்கிப் புடிச்சிக்கிட்டேதான் பாப்பேன். நாலு நாளைக்கு ஒருக்கா தொவச்சிக் காயப்போட்டு, மறுபடி டிவி மேலயே போட்டுருவா. ஏன்னு கேட்டா கத்துவா.”

சம்பந்தியம்மா போர்வையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பச்சைக் கொடியும் ரோஸ் புள்ளியும் வெளுத்து, துணி முழுக்க என் நீலச் சேலைத் துண்டு போலவே மெத்தென்று ஆகியிருந்தது. “நல்லாப் பழசாத்தான் இருக்கு,” என்று சொல்லி, பிள்ளையை அதில் வைத்துச் சுற்றினார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நர்ஸ் வந்து, “யாருங்க அது, வார்டுல சத்தம்?” என்று அதட்டினார். என் வாய்க்கு வீடானாலும் ஆஸ்பத்திரி ஆனாலும் ஒன்றுதான்.

பார்லர்காரி குனிந்து பார்த்து, “டிவி யாரு சாயல்க்கா?” என்றாள்.

“டிவி இல்லடி,” என்றார் அக்கா. “பேத்தி.” ஒரு நிமிஷம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, நர்ஸுக்கும் கேட்கிற மாதிரி, “என் பேத்தி. எனக்குப் பேத்தி பொறந்திருக்கா,” என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களிடமும் போய்ச் சொன்னார்.